ஒம்பது கூடு, ஒரு ராக்கப்பன்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே புஷ்பமேரிக்குத் தலை வலித்தது. டீ குடித்தும் போகவில்லை, தைலம் தேய்த்தும் போகவில்லை. எப்படிப் போகும்? தலைவலி கொடுத்த சாமான் அத்தனையும் கண்ணெதிரே வரிசையாகக் கிடந்தது.

தங்கச்சிமடத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த மணல்மேட்டில், ஒன்பது ஃபைபர் படகுகள். படகு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எல்லாமே வெறும் கூடுகள். அச்சிலிருந்து கழற்றிப் போட்டதோடு சரி. ஒன்றுக்கு விலா இல்லை, ஒன்றுக்குப் பின்பலகை இல்லை. இன்னொன்றில் பாதி வரைக்கும் பெயிண்ட் அடித்து, அதற்குள் யார் கூப்பிட்டார்களோ, பிரஷ்ஷை உள்ளேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆறாம் நம்பர் கூட்டுக்குள் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பட்டறையில் முழுசாக முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

"சேசு மரி சூசையே" என்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் காரங்காட்டிலிருந்து வந்த போனை மறந்திருக்க மாட்டீர்கள். மகள் லிண்டாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை பிரிட்டோவின் அப்பா ஆன்டனி ராஜ் பேசினார். "ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண அறிவிப்பு மொத ஓலை வாசிச்சிரலாம். அன்னைக்கே எங்க புதுப் படகையும் பங்குச்சாமி மந்திரிச்சிரட்டும். சனிக்கிழமை சாயங்காலம் படகு கரைக்கு வந்துருமுல்ல?" என்று கேட்டார். புஷ்பமேரியின் புருஷன் கில்பர்ட் உடனே, "வந்துரும் சம்பந்தி, கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டான்.

அதே சனிக்கிழமையைத்தான் பெரியபட்டினம் ஹாஜா முகைதீனுக்கும் அவன் சொல்லியிருந்தான். ஒரே சனிக்கிழமை, ரெண்டு படகு. கேட்டால், "ரெண்டும் ஆயிரும் புஷ்பம்" என்பான். கில்பர்ட்டுக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது. ஞானஸ்நானத்திலேயே அதைக் கழுவிவிட்டார்கள் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் மூலகாரணம் 'கை வைப்பு'. இருபது வருஷமாக அந்தப் பட்டறையின் வழக்கம் அது. படகுக்குச் சொல்ல வருகிறவன் அன்றைக்கே அச்சுக்கு முன்னால் நின்று, ரெசின் பசை தோய்த்த உருளையை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். கிறிஸ்தவர் சிலுவை போட்டுக்கொண்டு இழுப்பார். ஹாஜா பிஸ்மி சொல்லி இழுத்தான். இந்துக்கள் சூடம் ஏற்றுவார்கள். அதை மட்டும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய்க் கொளுத்தச் சொல்வான் கில்பர்ட். ரெசின் பட்டறையில் நெருப்புக் காட்டினால் படகோடு பட்டறையும் போய்விடும். "கை வச்ச அன்னைக்கே அது அவன் படகு. நம்ம ஒடம்பு போனாலும் வாக்கு போகாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான்.

வருஷத்துக்கு ஆறு படகு செய்த காலத்தில் இது நன்றாகத்தான் இருந்தது. இந்த வருஷம் ஆர்டர் குவிந்துவிட்டது. வந்தவன் எல்லாம் கை வைத்தான். கை வைத்ததெல்லாம் கூடாக வெளியே வந்தது. வந்த கூடு வந்த இடத்திலேயே கிடந்தது.

"அம்மா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

மகன் கிளாட்சன் கூப்பிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் நாலு வருஷம் பிளானிங் பிரிவில் இருந்துவிட்டு, ஆனியில் ஊருக்குத் திரும்பியவன். வந்ததும் பட்டறைச் செட்டில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினான். அதில் கட்டம், அம்புக்குறி, சிவப்பு காந்தம், பச்சை காந்தம். பார்க்கக் கோயில் திருவிழா மாதிரி இருக்கும். அந்தப் பலகை வந்த நாளிலிருந்து ஒரு படகும் வெளியே போகவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

"எங்க அடைக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டேன். மோல்டுதாம்மா பாட்டில்நெக். ஒரே மோல்டு. மாசத்துக்கு மூணு கூடுதான் வரும். இன்னொரு மோல்டு போட்டா ஆறு வரும்."

"வந்த ஒம்பதுல கடலுக்குப் போனது எத்தன?"

கிளாட்சன் பலகையைப் பார்த்தான். பலகையில் அதற்குக் கட்டம் இல்லை.

"இந்த மாசத்துலயா?"

"மூணு மாசத்தையும் சேத்துச் சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப இன்னொரு அச்சு வந்தா இங்கன பதினெட்டு கூடு கெடக்கும். நாய்க்கு வசதியா இருக்கும், வேற என்ன?" அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "அடைக்கிறது எங்கனன்னு நான் காட்டுறேன். சாக்பீஸ எடு."

பட்டறையில் கண்ணாடி நார் மேட் விரிக்க, உருளை ஓட்ட எல்லாருக்கும் தெரியும். ஆனால் விலா வைத்து, பின்பலகை பதித்து, எஞ்சின் உட்காரும் இடத்தை இறுக்கித் தர ஒரே ஒரு ஆள்தான். சிக்கல் ஊர் ராக்கப்பன். எஞ்சின் பாரம் முழுவதும் அந்தப் பலகையில்தான் நிற்கும். அங்கே பிசகினால் நடுக்கடலில் தண்ணீர் ஏறும். அதனால் கில்பர்ட்கூட அந்த வேலையில் கை போட மாட்டான். திங்கட்கிழமை வந்து சனிக்கிழமை வரைக்கும் செட்டிலேயே தங்கி வேலை பார்ப்பான் ராக்கப்பன். பேச்சு ரொம்பக் குறைவு.

அன்று காலை முழுக்க புஷ்பமேரி அவன் பின்னாலேயே நடந்தாள்.

எட்டரைக்கு ராக்கப்பன் ஹாஜாவின் படகில் உட்கார்ந்து பின்பலகை பதிக்கும் இடத்தைத் தேய்த்தான். ஒன்பதுக்கு ஐந்தாம் நம்பர்க்காரன் வந்து நின்று கத்தினான். "ராக்கப்பா, அவருத கொஞ்சம் பாத்துட்டு வா" என்றான் கில்பர்ட். போனான். அங்கே போன வாரம் பாதியில் விட்ட விலா, உப்புக்காற்றில் பிசுபிசுத்துக் கிடந்தது. அதை மறுபடியும் தேய்த்தால்தான் புது ரெசின் ஒட்டும். தேய்த்து முடிக்கும்போது இரண்டாம் நம்பர்க்காரன் போன். அங்கே போனான். பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு எட்டாம் நம்பரில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு நடந்தான். திரும்ப ஹாஜா படகுக்கு வந்தபோது, காலையில் தேய்த்த இடத்தில் மணல் பறந்து வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒனக்குக் கோவமே வராதா ராக்கப்பா?"

"கூப்புட்டா போகணுமுல்ல மதினி."

அவன் சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் புஷ்பமேரி கூட்டின் மேல் ஒரு கோடு கிழித்துக்கொண்டே வந்தாள்.

பத்தரைக்கு வாலிநோக்கத்திலிருந்து முனியசாமி என்பவர் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். புது ஆர்டர். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். கில்பர்ட்டுக்கு முகமெல்லாம் பல். "வாங்க முதலாளி, அச்சு காலியா இருக்கு. கை வச்சிருவோம்."

புஷ்பமேரி அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒம்பதே முடியல. பத்தாவதுக்கு இன்னைக்கே கை வைக்கணுமா? தேதி சொல்லி அனுப்புங்க."

"கை வைக்காமப் போனா அவன் நம்பிக்கையில்லாமப் போவான்டி. வாசலுக்கு வந்தவன அனுப்பச் சொல்றியே!"

அந்த நேரம் ராக்கப்பன் ஒருவழியாக ஹாஜா படகுக்கு ஒரு வாளி ரெசின் கலந்து, அதை இறுக வைக்கும் மருந்தும் ஊற்றிவிட்டிருந்தான். மருந்து ஊற்றினால் இருபது நிமிஷம்தான் கணக்கு. அதற்குள் பூசியாக வேண்டும். பிரஷ்ஷை முக்குகிறான், கில்பர்ட் குரல் வருகிறது. "ராக்கப்பா, இங்கன வா! நல்ல நேரம் போகுது, மேட்டப் புடி!"

ராக்கப்பன் வாளியைப் பார்த்தான், புஷ்பமேரியைப் பார்த்தான். போய்விட்டான்.

முனியசாமி உருளையை இழுத்தார். அவர் சம்சாரம் இழுத்தாள். பிறகு மச்சினன் இழுத்தான். போட்டோ எடுத்தார்கள். ராக்கப்பன் நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பியபோது வாளியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ரெசின் கல்லாகி, நடுவில் பிரஷ் நட்டுக்குத்தலாக நின்றது. அவன் பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினான். வாளியே கூட வந்தது.

புஷ்பமேரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இத அப்புடியே கொண்டுபோய் அவரு கட்டிலுக்கு அடியில வைய்யி" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கோடுகளை எண்ணினாள். பதினொரு கூப்பாடு. ஐந்து படகில் கை பட்டிருந்தது. முடிந்த வேலை என்று காட்ட ஒரு சாண் நீளம்கூட இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அதற்கப்புறம்தான் அவள் கண்ணில் பட்டது. ராக்கப்பன் ஹாஜா படகின் பின்பலகைக்குப் போட்டிருந்த அளவு. ஹாஜா வைத்திருப்பது சின்ன எஞ்சின். இது பெரிய எஞ்சினுக்கான அகலம்.

"ஏன் ராக்கப்பா, ஹாஜாவுக்கு எதுக்கு இவ்வளவு அகலம்?"

ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து அண்ணன் சொன்னாரு மதினி. இந்தக் கூடுதான் வேலை கூடுதலா முடிஞ்சிருக்காம். இத காரங்காட்டுக்கு மாத்திக்கன்னாரு. ஹாஜாவுக்கு வேற கூட்டப் பாத்துக்கலாமாம்."

அவள் சாக்பீஸைக் கீழே போட்டாள்.

மத்தியானம் லிண்டா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். நிச்சய ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக ரெண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அவள் சட்டியை இறக்கி வைக்கவும் புஷ்பமேரி ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

"ஹாஜா படகத் தூக்கி சம்பந்திக்குக் குடுக்கப் போறீகளா?"

கில்பர்ட் கை கழுவிக்கொண்டிருந்தவன், கழுவிக்கொண்டே இருந்தான். "எல்லாம் ஒரே அச்சுல வந்ததுதானே. எதுல என்ன இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"கை வச்ச அன்னைக்கே அது அவன் படகுன்னு இருவது வருஷமா ஊரெல்லாம் சொல்லுறது யாரு? நானா? பிஸ்மி சொல்லி அவன் இழுத்தது அந்தக் கூட்டுல. அத இன்னொருத்தனுக்குக் குடுத்தா, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? எதுக்கு உருளை, எதுக்கு நல்ல நேரம்?"

"சத்தம் போடாத. மக கல்யாணம். அது முக்கியமா, படகு முக்கியமா?"

கிளாட்சன் நடுவில் புகுந்தான். "ரெண்டையும் முடிக்க வழி இருக்கான்னு பாப்போம்பா." அம்மா கிழித்த கோடுகளை அவன் அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கு உறைத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பலகையில் இருந்த கட்டம், காந்தம் எல்லாவற்றையும் வழித்துப் போட்டான். நடுவில் ஒரே பெயர் எழுதினான். ராக்கப்பன்.

"அம்மா சொல்றதுதான் சரி. மோல்டு இல்ல. இவருதான். இவரு எவ்வளவு முடிக்கிறாரோ அவ்வளவுதான் பட்டறை. நாம என்னடான்னா இவர நாள் முழுக்க நடக்க விட்டுக்கிட்டு இருக்கோம்." ராக்கப்பனைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, யாரும் கூப்புடாம ஒரே படகுல நின்னீங்கன்னா அது முடிய எவ்வளவு நாளாகும்?"

ராக்கப்பன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "ரெண்டரை நாள்."

எல்லாரும் மனசுக்குள் விரலை மடக்கினார்கள். வியாழன் மத்தியானம், வெள்ளி, சனி. சரியாக ரெண்டரை நாள். ஒரு படகு. ஒன்றே ஒன்று.

"அப்ப முடிஞ்சது. சம்பந்தி படகு" என்றான் கில்பர்ட்.

"அப்பாவ விடுங்கம்மா" என்றாள் லிண்டா மெதுவாக. அவளும் பிரிட்டோவும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் குரலில் இருந்த பயம் புஷ்பமேரியைக் குத்தியது. பெற்றவளுக்குக் குத்தாமல் என்ன செய்யும்? சரி, போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தவள்தான் அவள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது.

ஹாஜா முகைதீன். நாற்பது வயசு இருக்கும். தொழுதுவிட்டு நேராக வந்திருப்பான் போல, தலையில் தொப்பி இருந்தது. ஆட்டோவில் தார்ப்பாயில் சுற்றி எஞ்சின் கிடந்தது.

"சனிக்கெழமைதானே, ரெண்டு நாள் முன்னாடியே எறக்கிப் போட்டா அளவு பாக்க வசதியா இருக்குமேன்னு கொண்டாந்துட்டேன் மச்சான்" என்று கில்பர்ட்டைப் பார்த்துச் சிரித்தான். கில்பர்ட் பதிலுக்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் புஷ்பமேரிக்கு வெட்கமாக இருந்தது.

ஹாஜா தன் கூட்டை நோக்கி நடந்தான். முன்முனையில் உள்ளங்கையை வைத்து நின்றான்.

"வாடைக்காத்து திரும்பப் போகுதுல்லக்கா. தென்கடல் அடங்கிரும். எங்க பக்கம் இனிமேதான் தொழில். இந்த மூணு மாசமும் காஜா நவாஸ் படகுல கூலி ஆளாப் போனேன். நேத்து அவருட்டச் சொல்லிட்டேன், திங்கக்கெழமையிலேருந்து வர மாட்டேன், நம்ம படகு வருதுன்னு. அவரும் வேற ஆளப் போட்டுட்டாரு. இன்ஷா அல்லா, சனிக்கெழமை வந்துருமுல்ல?"

அவன் கேட்டது புஷ்பமேரியை. கில்பர்ட்டைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்திருக்க வேண்டும். மூன்று தேதி வாங்கிக்கொண்டு போனவன்.

புஷ்பமேரி ஒரு தடவை லிண்டாவைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அப்புறம் நினைத்தாள்.

"வந்துரும் தம்பி. சனிக்கெழமை அஞ்சு மணிக்கு வா. எஞ்சின இங்கனயே எறக்கு."

ஆட்டோ போனது. கில்பர்ட் ஒரு கிளாம்பை எடுத்து மணலில் விட்டெறிந்தான்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"நீங்க யாரக் கேட்டு ரெண்டு பேருக்குச் சொன்னீக?"

"அம்மா!" லிண்டாவின் கண் நிறைந்துவிட்டது. "அவங்க அப்பா எப்படிப்பட்டவருன்னு ஒங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமை படகு வரலன்னா ஓலைய நிறுத்திருவாரு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்மா. லேப்ல கேக் வெட்டிட்டாங்க. ஒரு படகுக்காக என் கல்யாணத்தப் பணயம் வைக்கிறீங்களே, நான் ஒங்க மகதானா?"

"மகதான். அதனாலதான் அடுத்தவன் படகுல ஏறி நீ மாமியா வீட்டுக்குப் போக வேண்டாம்ங்கிறேன்."

லிண்டா தூக்குச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திய சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

புஷ்பமேரி போனை எடுத்துக் காரங்காட்டுக்கு அடித்தாள். கில்பர்ட் பேசினால் எப்படிப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியாதா? 'பாப்போம், முடிஞ்சிரும், கவலைப்படாதீங்க' என்று சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இழுப்பான்.

"அண்ணே, தங்கச்சிமடத்துலேருந்து புஷ்பமேரி பேசுறேன். ஒங்க படகு இந்தச் சனிக்கெழமை வராது. அடுத்த வாரம் புதன்கெழமை வரும். முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு. மன்னிச்சுக்கோங்க."

ஆன்டனி ராஜ் நிதானமாகக் கேட்டார்.

"கில்பர்ட் வந்துரும்னாரே சம்பந்தியம்மா?"

"அவரு எல்லாத்தையும் வந்துரும்பாரு. உள்ளத நான் சொல்றேன். ஒங்களுக்கு முன்னாடி கை வச்சவரு ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு. அவரு படகு மொதல்ல போகணும்."

"எங்களுக்கு முன்னாடி ஒருத்தரா?" ஆன்டனி ராஜ் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "சம்பந்தம் பண்றவனுக்கு முன்னாடி ஒருத்தரு. சரி. காரங்காடு பூராவும் மந்திரிப்புக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில நேர்ல வாரேன். கில்பர்ட்ட இருக்கச் சொல்லுங்க. படகு, ஓலை ரெண்டையும் பேசிருவோம்."

போன் வைக்கப்பட்டது.

கில்பர்ட் தலையில் கைவைத்து ஐந்தாம் நம்பர் கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவனை யாரும் தேற்றவில்லை. கிளாட்சன் பட்டறை வாசலில் ஒரு கயிற்றைக் கட்டினான். எந்தப் படகுக்காரனும் அதைத் தாண்டி ராக்கப்பனைக் கூப்பிடக் கூடாது. போன் வந்தால் அவனே எடுத்தான். ரெண்டு மணியிலிருந்து ராக்கப்பனை ஒருவரும் கூப்பிடவில்லை. முதலில் அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது போல, அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு வேலையில் இறங்கிவிட்டான். பலகையைச் சின்ன எஞ்சின் அளவுக்கு மறுபடி அறுத்து, பதித்து, மூன்று மடிப்பு மேட் போட்டு, நாலரை மணிக்குள் பின்பலகை உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதமாகக் காலில் இடறிக்கொண்டிருந்த வேலை, ரெண்டரை மணி நேரத்தில்.

புஷ்பமேரி அதைத் தட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். நாளை விலா, நாளை மறுநாள் தளம், பெயிண்ட். ஆகிவிடும். உண்மையிலேயே ஆகிவிடும்.

ஐந்து மணிக்கு ராக்கப்பன் கைகால் கழுவி, வேட்டி மாற்றி, தோளில் பையோடு வந்து நின்றான்.

"வாரேன் மதினி."

"எங்க?"

"ஊருக்கு. திங்கக்கெழமை வந்துருவேன்."

புஷ்பமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னைக்கு வியாழக்கெழமை ராக்கப்பா."

"ஊர்ல மழை விழுந்துருச்சு மதினி. வெதைக்கணும். நாளைக்கும் நாளன்னைக்கும்தான் டிராக்டர் நம்ம பக்கம் வருது. ஊருக்கே அந்த ஒரு டிராக்டர்தான். இத விட்டா ஈரம் போயிரும், இந்த வருஷச் சோறு போயிரும். போன வாரமே அண்ணன்ட்டச் சொன்னேனே. போயிட்டு வா, பாத்துக்கலாம்னாரு."

எல்லாரும் கில்பர்ட்டைப் பார்த்தார்கள். கில்பர்ட் கடலைப் பார்த்தான்.

"ரெண்டரை நாள்னு மத்தியானம் சொன்னீங்களேண்ணே!" என்று கிளாட்சன் கத்தினான்.

"எத்தன நாளாகும்னு கேட்டீக, சொன்னேன். இருப்பியான்னு கேக்கலையே தம்பி."

வாஸ்தவம். அந்தப் பலகை நடுவில் இவ்வளவு பெரிய எழுத்தில் அவன் பெயரை எழுதினார்கள். சண்டை போட்டார்கள், ஒரு கல்யாணத்தையே அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. புஷ்பமேரிக்கும்தான் தோன்றவில்லை. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

போகாதே என்று சொல்ல முடியுமா? விதைப்பை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

"எவ்வளவு நெலம்?"

"ரெண்டு குறுக்கம்."

"வெதைக்கிறது யாரு? நீயா?"

"இல்ல மதினி, வீட்டுக்காரி சோணையம்மா கைதான் வெத கை. அவதான் எங்க வீட்டுல வெதைப்பா. எனக்கு மூட்டை தூக்குற வேல, வரப்பு வெட்டுறது, டிராக்டர்காரன் வேற காட்டுக்குப் போயிராம முன்னாடி நின்னு புடிச்சு வச்சிருக்குறது. அதுக்கு ஆம்பள ஆள் ரெண்டு வேணும்."

"மூட்டை தூக்கணும், வரப்பு வெட்டணும், டிராக்டர்காரன்ட்ட நின்னு பேசணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

புஷ்பமேரி அவன் தோளிலிருந்த பையைக் கழற்றினாள். கொண்டுபோய்க் கில்பர்ட் மடியில் வைத்தாள்.

"கெளம்புங்க. அப்பனும் மகனும். அஞ்சரை பஸ்ஸப் புடிச்சா ராமநாதபுரத்துல சிக்கல் வண்டி கெடைக்கும். சோணையம்மா என்ன சொல்லுதோ அதச் செய்யுங்க. எதுத்துப் பேசாதீக."

"நானா? வெதைக்கவா?" கில்பர்ட் எழுந்தேவிட்டான். "எனக்கு வரப்புன்னா என்னன்னு தெரியுமாடி? கடக்கரையில பொறந்தவன்டி நான்!"

"இங்கன நீங்க பாக்குற வேலைக்கு அங்கன மூட்டை தூக்குறது எவ்வளவோ மேல். ராக்கப்பன் செய்யுறத நீங்க செய்ய முடியாது, ராக்கப்பன் சுமக்குறதச் சுமக்கலாமுல்ல? ஏலே கிளாட்சா, ஒன் கம்பெனியில இதுக்கு என்னமோ பேர் இருக்குமே?"

கிளாட்சன் செருப்பைத் தேடினான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அம்மாவுக்குக் காட்ட விரும்பவில்லை.

ராக்கப்பன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் போனை எடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "சோணை, நான் வரல. என் முதலாளியையும் அவரு மகனையும் அனுப்புறேன். ஆமா. முதலாளிதான். நல்லா வேல வாங்கு." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஹாஜா படகுக்குள் ஏறினான்.

கில்பர்ட் வாசல் வரை போய்த் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "புஷ்பம், காலையில சம்பந்தி வாராரு. நான் இல்லாம எப்புடி? ஆம்பள இல்லாத வீடு மாதிரி..."

"நீங்க இருந்தா ரெண்டு படகும் சனிக்கெழமை வந்துரும்னு சொல்லுவீக. நான் பேசிக்கிறேன். பஸ்ஸு போயிரப்போகுது."

இருவரும் போனார்கள். பாலத்துப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. புஷ்பமேரி மத்தியானம் யாரும் தொடாத தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் படியேறினாள். சாத்தியிருந்த கதவு திறந்தது.

லிண்டா நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கையில் போன் இருந்தது.

"பிரிட்டோட்டப் பேசுனேன். காலையில அவரும் அவங்க அப்பாகூட வாராராம்."

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. நேர்ல பேசிக்கலாம்னாரு." லிண்டா சட்டியை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவங்க வரும்போது நானும் கூடத்துல இருப்பேன். நீங்க பேசி முடிச்சதும் நான் பேசுவேன். நடுவுல வரக் கூடாது."

"என்னடி பேசப்போற?"

லிண்டா அடுப்படிக்குப் போய்ச் சோற்றைத் தட்டில் போட்டாள். ஒரே ஒரு தட்டில். அதை அம்மா முன்னால் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் தன் அறைக்குப் போய்விட்டாள்.